விமானம் ஏன் வடக்கே வளைந்தது?

சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைப்பது அவள் தொழில். அளவு டேப் எந்நேரமும் கழுத்தில் தொங்கியதால் கடைத்தெருவில் அவளுக்கு ‘டேப்பக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உலகின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குப் பிரசவ நேரம் நெருங்கவே, நரைவிழுந்த வயதில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக விமானம் ஏறினாள்.

முன்சீட்டின் முதுகிலிருந்த சின்னத் திரையை விட்டு அவள் கண் அகலவில்லை. பதினான்கு மணி நேரப் பயணம். தங்கையின் ஊர் நேர் மேற்கே, கடலுக்கு அந்தப் பக்கம். விமானமோ வடக்கே ஏறி, பனிப்பிரதேசத்தை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, பைலட் வழி தவறிட்டாரா?”

“இல்லம்மா, இதுதான் குறுக்கு வழி.”

“வளைஞ்சு போறது எப்படிம்மா குறுக்கு வழியாகும்? என் காதுல பூ சுத்தாதே.”

பணிப்பெண் சிரித்தபடி நகர்ந்துவிட்டாள். டேப்பக்காவுக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை.

இறங்கி வீடு சேர்ந்ததும், வாசலில் தங்கை நிறைவயிற்றோடு வந்து கட்டிக்கொண்டாள். “அக்கா! எத்தனை வருஷமாச்சு!”

“அழாதடி. உங்க வீட்ல உலக உருண்டை இருக்கா?”

இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று தங்கை வீட்டுக்காரர் இப்போதே வாங்கி வைத்திருந்தார். அவர் உருண்டையைப் பிடித்துக்கொள்ள, டேப்பக்கா இரண்டு ஊர்களுக்கும் இடையே டேப்பை ஓட்டினாள். கடல் வழியாக நேராக வைத்தால் நீளம் கூடியது. வடக்கே ஏற்றி இழுத்தால் குறைந்தது.

“அட, ஆமா! எப்படி அக்கா?” என்றார் அவர்.

அவள் கொஞ்ச நேரம் உருண்டையையே தடவிக்கொண்டிருந்தாள். “உருண்டைத் தலகாணி உறையைப் பிரிச்சுத் தரையில விரிச்சா தட்டையா படியாது, மாப்பிள்ளை. இழுத்துத்தான் படிய வைக்கணும். விமானத்துத் திரையில உலகத்தையும் அப்படித்தான் இழுத்து வச்சிருக்காங்க போல. எதுக்கும் இன்னொரு தடவை அளப்போம்.”

“அக்கா, உருண்டையைக் கீழ வை. எனக்கு வலிக்குது” என்றாள் தங்கை.

அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அப்புறம் இரண்டு மாதம் குழந்தையைக் குளிப்பாட்டவும் தூங்கவைக்கவுமே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது.

ஊர் திரும்பும்போது வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. இந்த முறை பன்னிரண்டே மணி நேரத்தில் விமானம் இறங்கிவிட்டது. இறங்குகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த பைலட்டிடமே கேட்டாள்: “வர்றப்ப மட்டும் வழி சுருங்கிடுச்சா, தம்பி?”

“தூரம் கிட்டத்தட்ட அதேதாம்மா. மேகத்துக்கு மேல, மேற்கேயிருந்து பலமா காத்தடிக்கும். போறப்ப எதிர்க்காத்து. வர்றப்ப அதுவே பின்னாலயிருந்து தள்ளும்.”

“அந்தக் காத்து எங்கேருந்து கிளம்புது?”

பைலட் அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “அதைச் சொல்ல ஆரம்பிச்சா இவங்க யாரும் வீட்டுக்குப் போக முடியாதும்மா.”

வெளியே கணவர் காத்திருந்தார். “பாப்பா யார் ஜாடை?”

“அவங்க அப்பா ஜாடை. அது இருக்கட்டுங்க, மேகத்துக்கு மேல காத்து எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதே,” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். “வா, நடந்துக்கிட்டே பேசலாம்.”