தவராசாவை விழுத்திய கிருமி

கண்டாவளை நெல் ஆலையில் மூட்டை தூக்குவதில் தவராசாவை மிஞ்ச ஆளில்லை. ஐம்பது வயதிலும் அவர் லொறியில் மூட்டை ஏற்றும்போது இளந்தாரிகள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். மனைவி இரஞ்சிதம் நேர்மாறு. மாரி மழை தொடங்கினால் மூச்சிழுப்பும் தொடங்கிவிடும்.

2021 ஆவணியில் பரிசோதித்தபோது இருவருக்கும் கொரோனா என்று வந்தது. ஆனால் விழுந்தது தவராசாதான். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு கிடந்தார். அதற்கு முன் வீட்டில் அவர் மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்த இரஞ்சிதத்துக்கோ ஒரு தும்மல்கூட இல்லை.

ஊர் சும்மா இருக்குமா?

"அவா ஏதோ மூலிகை அவிச்சுக் குடிச்சிருக்கிறா. மனிசனுக்குக் குடுக்கேல்லைப் போல."

அந்தக் கதை இரஞ்சிதத்தின் காதிலும் விழுந்தது. தன் கவனிப்பில்தான் குறையோ என்று மனம் அரித்தது. எலும்பும் தோலுமாகத் திரும்பிய தவராசா, ஆலைப் பக்கம் போகவே வெட்கப்பட்டார்.

அடுத்த வருடம் ஓர் ஆய்வுக் குழு, கொரோனா சிலரை மட்டும் ஏன் இப்படி வாட்டுகிறது என்று அறிய, கடுமையாக நோய்ப்பட்டவர்களையும் வீட்டாரையும் அழைத்து இரத்தம் எடுத்தது. அந்தக் குழுவின் டொக்டர் சாரங்கா கேட்டார்:

"ஐயா, உங்கட சகோதரங்கள் ஆருக்கும் இப்பிடிக் கடுமையா வந்ததோ?"

"தம்பி சுமனுக்கு வந்தது. அவன் புதுக்குடியிருப்பில. நாங்கள் அப்ப சந்திக்கவே இல்லை, அவனும் ஒட்சிசனிலதான் கிடந்தவன்."

இரஞ்சிதம் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "டொக்டர், மூட்டை தூக்கிற மனிசன் விழுந்திட்டார், எனக்கு ஒண்டுமில்லை. நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒண்டுமில்லை அம்மா. கிருமி வந்த உடன உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்க வேணும். சிலருக்கு அது பிந்தித்தான் தொடங்கும். தாய் தேப்பனிட்ட இருந்து வாற மரபணுவில இருக்கிற சின்ன வித்தியாசமும் அதுக்கு ஒரு காரணம். வயசும் வேற வருத்தங்களும் சேரும். ஐயாவுக்கு எது காரணமெண்டு இப்ப சொல்லேலாது. ஆனா உங்கட கவனிப்பில குறையில்லை. மூட்டை தூக்கிற பலத்தைப் பாத்துக் கிருமி வாறதுமில்லை."

தவராசா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் மெல்லச் சொன்னார். "இஞ்சேரப்பா, ஊர் உம்மைப் பற்றிக் கதைச்சது எனக்குத் தெரியும். நான் வாய் திறக்காம இருந்திட்டன்."

"இப்பவாவது சொன்னியளே," என்றார் இரஞ்சிதம்.

மறுநாள் காலை தவராசா சந்திக் கடைக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்க டொக்டர் சொன்னதைச் சொன்னார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் அடுத்த தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார். இப்போது ஆலையில் தராசடியில் நின்று நெல் நிறுக்கிறார். முன்புபோல மூச்சு இல்லை. அதில் அவருக்கு மனக்குறையும் இல்லை. பின்னேரம் அவர் வீடு வரும் நேரம் பார்த்து இரஞ்சிதம் புட்டு அவிக்கிறார்.