முனிரத்தினத்துக்குச் சுடாது

முனிரத்தினத்துக்கு எதுவுமே சுடாது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு வெகு ஆழத்திலிருந்த அடி லெவலில், அனலடிக்கும் பாறையைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போன கை அது. மனைவி குணசுந்தரி கொதிக்கக் கொதிக்கக் காபி கொடுத்தாலும், "இன்னா குணா, ஆறிப்போச்சே" என்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் சிங்கப்பூர் மச்சான், ரேடியோ கன்ட்ரோலில் ஓடும் பொம்மைக் கார் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கிளப் மைதானத்தில் இன்னும் இரண்டு கார்களோடு பந்தயம். வேகம் வேண்டுமென்று முனிரத்தினம் மோட்டாரில் பெரிய பல்சக்கரமாகப் பார்த்து மாட்டினார். பெரிய சக்கரம் போட்டால் மோட்டார் திணறிச் சூடேறும். அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டார்.

"ஜில்லுனு இருக்குது" என்றார். அடுத்த சுற்றிலேயே கார் புகைந்து நின்றது.

மறு பந்தயத்துக்குப் புது மோட்டார் வந்தது. பெரிய சக்கரத்தோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததும், இந்த முறை குணசுந்தரி தொட்டுப் பார்த்து, கையை உதறினாள்.

"சுடுதுங்க. சின்னச் சக்கரம் போடுங்க."

"அடி லெவல் பாறையைத் தொட்டிருந்தா இதைப் போய் சூடுன்னு சொல்லுவியா?"

"நான் எதுக்கு அதைத் தொடணும்? காரு ஓடணுமா வேணாமா?"

முணுமுணுத்தபடியே மாட்டினார். கார் எறும்பு மாதிரி ஊர்ந்தது. பறந்துபோன மற்ற இரண்டும் பாதியில் சூடேறிப் படுத்துவிட, எறும்பு மட்டும் எல்லையைத் தொட்டது.

பரிசு ஒரு பிளாஸ்க். குணசுந்தரி அங்கேயே கிளப் அடுப்பிலிருந்து கொதிக்கும் காபியை அதில் ஊற்றி வந்தாள். ஆவி பறந்தது. முனிரத்தினம் ஒரு வாய் குடித்துவிட்டு பிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெட்டுப்போன பிளாஸ்க்கை நம்ம தலையில கட்டிட்டானுங்க, குணா."