முள்ளங்கிக்கு நாலு நாளா?

தேகு நகரத்தில் பஸ் ஓட்டும் மா ஹேஜினுக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் விளையாடியதெல்லாம் சண்டை கேம்தான். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்தால் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிப்போவுக்கு எதிரே மாடியில் இருக்கும் பிசி-பாங்குக்குப் போய்விடுவாள். வாடகைக் கம்ப்யூட்டர்கள் வரிசை கட்டி நிற்கும் அந்த இடத்தில் மூலை நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கூட விளையாடும் மூன்று பேருக்கும் அவள்தான் தளபதி. படையை நகர்த்த அரை நொடி தாமதமானாலும் திட்டு விழும்.

கணவன் தாக் சங்க்யூ அவளுக்கு நேர் எதிர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கையில் பிடித்து விளையாடும் கேம் கருவி ஒன்றில் மூன்று வருஷமாக ஒரு கிராமத்தை வளர்த்துவந்தான். மார்ச் மாதக் குளிர் விடாத ஒரு நாள், தரையில் சிந்திய சூப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் கேமுக்கோ இரண்டு கையும் வேண்டும்.

"தினமும் இருபது நிமிஷம் போதும். தண்ணி ஊத்தணும், கோழிக்குத் தீனி போடணும். அவ்ளோதான்," என்றான்.

"நான் முள்ளங்கி வளக்குறதா? என்கூட விளையாடுற துமானுக்குத் தெரிஞ்சா ஊரைக் கூட்டிச் சிரிப்பான்."

"அவன்கிட்ட எதுக்குச் சொல்ற? வாளியை எடு."

எடுத்தாள். முதல் நாளே அவளுக்குத் தலை வெடித்துவிடும்போல் ஆனது. கிணறு ஒரு மூலையில், பாத்தி இன்னொரு மூலையில். ஓடச் சொன்னால் திரையிலிருக்கும் பொம்மை ஓடாது. வழியில் பக்கத்து வீட்டுக்காரி நிறுத்தி வெயிலைப் பற்றிப் பேசுவாள்; அவள் பேசி முடிக்கும்வரை எந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

"இந்தப் பொம்பளையை அடிக்க வழி இருக்கா?"

"இல்ல."

"முள்ளங்கி எப்ப வரும்?"

"நாலு நாள் ஆகும்."

"முள்ளங்கிக்கு நாலு நாளா? நாலு நாள்ல நான் நாலு நாட்டைப் பிடிச்சிருப்பேன்!"

ஒரு வாரம் போனதும் அவளுடைய போர்மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஆற்றங்கரை ஓரமாகப் பெரிய நிலம் முழுக்க வெள்ளையும் சிவப்புமாகக் காஸ்மாஸ் பூச்செடிகள். விற்க முடியாது, தின்ன முடியாது. கணவன் தூங்கிய ஒரு மதியம் அத்தனையையும் பிடுங்கிப் போட்டு, அணிவகுப்பு மாதிரி நூற்றிருபது பூசணிக்கொடி நட்டாள். பெருமையாகக் காட்டினாள்.

சங்க்யூ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூவெல்லாம் எங்க?"

"அதுல என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்புறம் எதுக்கு வச்சிருந்த?"

"உக்காந்து பாக்கத்தான்."

அதற்கப்புறம் இரண்டு நாள் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, திரும்ப நட்டுத் தொலைக்கிறேன். விதை எங்க கிடைக்கும்?" என்றாள் மூன்றாம் நாள்.

கேம் கிராமத்துக்கு விதை வியாபாரி சனிக்கிழமை மட்டும்தான் வருவானாம். அதுவும் சரியாக மூன்று மணிக்கு. கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவானாம். அந்தச் சனிக்கிழமை இரண்டரைக்குத்தான் பிசி-பாங்கில் இறுதிப் போட்டி.

யூனிஃபார்ம் பைக்குள் கருவியை ஒளித்துக்கொண்டு போனாள். மூன்று மணி அடிக்கும்போது அவர்கள் படை எதிரியை நெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டே நிமிஷம், ஓடி வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு மடியில் கருவியைத் திறந்தாள். வியாபாரி தன் கழுதையின் கால்வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"அக்கா! வடக்கு வாசல் எரியுது!" பக்கத்து நாற்காலியிலிருந்து போங் துமான் கத்தினான். இறைச்சிக் கடைக்காரன், குரலும் அதற்கேற்ற குரல். "அங்க குனிஞ்சு என்ன பண்றீங்க?"

"இருடா, இவன் பேசி முடிக்க மாட்டேங்குறான்!"

"எவன்?"

"விதைக்காரன்!"

வாசல் விழுந்தது. கோட்டையும் விழுந்தது. விதைப் பொட்டலம் மட்டும் கைக்கு வந்திருந்தது. துமான் எட்டிப் பார்த்தான்.

"பூவா? பதினாலு வருஷமா கூட விளையாடுற எங்களைப் பூவுக்கு வித்துட்டீங்களா அக்கா?"

"வாயை மூடு. புருஷனுக்காகப் பண்றேன்."

"மாமா கேட்டது வெள்ளைப் பூவா, சிவப்பா?"

அவள் திரையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள். அந்த இடத்திலேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு மூன்று பேருக்கும் முட்டை போட்ட ராமியன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தாள்.

மஞ்சளையே விதைத்தாள். அதற்கப்புறம்தான் உண்மையான எரிச்சல் தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது காலையில் தண்ணீர் ஊற்றினோமா என்று யோசனை வந்தது. கடைசி நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் காபி குடிக்கும் நேரம், அவள் ஸ்டியரிங்மேல் கருவியை வைத்துக்கொண்டு களை பிடுங்கினாள். யாரும் சொல்லவில்லை, சங்க்யூகூடக் கேட்கவில்லை. இருபது நிமிஷம் ஐம்பது நிமிஷமானது. இதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் கோபம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது முதல் மொட்டு விரிந்தது. பொம்மையை பெஞ்சில் உட்கார வைத்தாள். காற்றில் செடிகள் ஆடின, ஆற்றுச் சத்தம் கேட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தபோதுதான் நிமிர்ந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக மூன்று நிமிஷம் தாமதம்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேற்பார்வையாளர்.

"டிராஃபிக்," என்றாள். தெரு காலியாகக் கிடந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றே சங்க்யூ கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மஞ்சள் பூக்களை வெகுநேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு," என்றான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தண்ணி அதிகமா ஊத்துற. கோழியை முதல்ல கவனி. கிழக்குப் பாத்தியை ஏன் விட்ட?" என்று நச்சரித்தாள்.

"இது என் கிராமம்."

"ஒண்ணரை மாசம் நான்தான் பாத்தேன்!"

"அப்ப உனக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சுக்கோ."

இன்னொரு கருவி வாங்கி ஆரம்பித்தாள். இப்போது சனிக்கிழமை மாலை அவள் பிசி-பாங்கிலிருந்து திரும்பியதும் இருவரும் தரையில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து விளையாடுகிறார்கள். சங்க்யூ பக்கம் சத்தமே இல்லை. ஹேஜினுக்குக் கிடைத்த நிலம் பாறை. பரிசாக வந்த ஆடு நட்டதையெல்லாம் தின்கிறது.

"சனியன் பிடிச்ச ஆடு! மறுபடியும் வேலியைத் தாண்டிடுச்சு!"

"பிடிக்கலேன்னா நிறுத்திடேன்," என்றான் அவன், தலையைத் திருப்பாமல்.

"நான் ஏன் நிறுத்தணும்? ஆட்டை நிறுத்தச் சொல்லு!"