காதோடு கறுத்த திரை

என் முதல் தொடுதிரைக் கைபேசியை எங்கள் ஊரான சுருவிலுக்குக் கொண்டுவந்த அன்றே, கனடாவில் பிள்ளை பெற்றிருந்த மகளுடன் பேசப் பக்கத்து வீட்டு அக்கா அதைக் கேட்டு வாங்கினார்.

“பேத்தி அழுறது கேக்குது!” என்று சிரித்தார். அவர் காதோடு திரை கறுத்திருந்தது.

“என்னத்தை அமத்தினனீங்கள்?” என்று கத்திப் பறித்தேன். அழைப்பு அறுந்தது.

“நான் ஒண்டும் அமத்தேல்லைத் தம்பி.”

மாலையில் அலுமாரிக் கண்ணாடி முன் நின்று நண்பனுடன் பேசினேன். என் கன்னத்திலும் திரை கறுத்தது. முகம் நெருங்கினால் அணையும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

போய்ச் சொல்ல வெட்கம் விடவில்லை.

இன்று அக்காவிடமும் கைபேசி இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்துக் கத்திப் பேசுகிறார். கேட்டால், “காதிலை வைச்சால் பழுதாப்போம்” என்கிறார். ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.