வியாழக்கிழமை புறப்பட்ட பை

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, பதினைந்து வயது மகள், மாடி வீட்டில் தனியாகக் குடியிருக்கும் ஐ.டி.காரர். ஐந்தாவதாக, போன் ஸ்பீக்கரில் கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து என் தங்கை. அவள் மடியில் பத்து மாதக் குழந்தை இருந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. ஆனால் பேசியதெல்லாம் அதன் காதைப் பற்றித்தான்.

ஏழாம் மாதத்திலேயே காது குத்தியிருக்க வேண்டும். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். ஒன்பதாம் மாதம் வந்தது. கார் சரியில்லை என்றேன். மிச்சம் இருந்தது பதினோராம் மாதம் மட்டும்தான். மார்ச்சில் பள்ளிக்கு ஸ்பிரிங் பிரேக் லீவு விடும் வாரத்தின் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத் தங்கை முகூர்த்தம் குறித்துவிட்டாள்.

"அண்ணே, உன் மடியிலதான் குத்தணும். வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன். பிளைட் டிக்கெட் நான் போடறேன், வந்துரு."

"சீர் கொண்டு வர்ற மாமன் தங்கச்சி காசுலயா வருவான்? நல்லா இருக்காதும்மா."

அந்த வாரம் மூன்று டிக்கெட் விலையை மகள் போனில் காட்டியபோது நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். நான் டெக்சாஸில், பிளேனோவில் ஒரு கடை வரிசையில் இருக்கும் நம்மூர் ஓட்டலில் சமையல் மாஸ்டர். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவன். தங்கை படித்தாள். அவள் வீட்டுச் சமையலறை எங்கள் அபார்ட்மெண்ட் முழுவதையும்விடப் பெரியது.

"அப்போ காருதான் மாஸ்டர்," என்றார் மாடி வீட்டுக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். முன்பு நாலு தடவை காரிலேயே கலிபோர்னியா போய் வந்தவர். இப்போது ஆபீஸ் வேலையாக மாதம் ஒருமுறை விமானத்தில் போகிறார். "ஆயிரத்தெழுநூறு மைல். சின்னப் பசங்க மூணு நாள்ல போயிருவாங்க. நீங்க நாலு ராத்திரி தங்கிப் போங்க. அமரில்லோ, ஆல்பகர்க்கி, பிளாக்ஸ்டாப், பேக்கர்ஸ்பீல்ட். புதன்கிழமை தங்கச்சி வீட்டுல காபி."

அவர் சொல்லச் சொல்ல என் மனைவி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். டோல் ரோடு வேண்டாம், சாதாரண ரோட்டிலேயே ஊரைத் தாண்ட வேண்டும். கலிபோர்னியாவில் பெட்ரோல் விலை ஜாஸ்தி, அதனால் அரிசோனா முடிவதற்குள் டேங்கை நிரப்ப வேண்டும். காலை டிபன் இலவசமாகத் தரும் மோட்டலாகப் பார்க்க வேண்டும். மத்தியானத்துக்குப் புளியோதரை, இரவுக்குச் சின்ன ரைஸ் குக்கரில் சாதம், பருப்புப் பொடி, நெய். தண்ணீர்க் கேஸ் இரண்டு.

"குக்கரை ரூம்ல வச்சா புகை அலாரம் அடிக்குமா?" என்று கேட்டேன்.

"சாதம் வெந்தா அடிக்காதுங்க. நீங்க தாளிச்சா அடிக்கும்."

"பாத்ரூம்ல வச்சுத் தாளிச்சா?"

"மாஸ்டர், நீங்க போறது காதுகுத்துக்கு. கேட்டரிங்குக்கு இல்ல."

தங்கை ஸ்பீக்கரில் சிரித்தாள். குழந்தையும் என்னவோ சொன்னது.

கார்டு நம்பரை இணையத்தில் போட எனக்குப் பயம். அதனால் நான்கு ரூமையும் அவரே தன் கார்டில் போட்டார். ரத்து செய்ய முடியாத ரேட் எடுத்தால் ஒவ்வொரு இரவுக்கும் பதினைந்து டாலர் வரை மிச்சம் என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். "போகத்தானே போறோம், அப்புறம் என்ன?" என்றாள். வரிகளோடு சேர்த்து இருநூற்று எண்பத்தாறு டாலர். திரும்பி வருவதற்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

சிக்கல் ஒன்றுதான். நாங்கள் கிளம்ப வேண்டிய சனிக்கிழமை எனக்குச் சந்திராஷ்டமம். வேறு நாளில் கிளம்ப ஓட்டலில் விட மாட்டார்கள். மனைவி காலண்டரைப் புரட்டிவிட்டு வியாழக்கிழமை காலையில் நல்ல நேரம் இருக்கிறது என்றாள். அந்த நேரத்தில் ஒரு பையை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த வீடு என்றால் எங்களுக்கு மாடி வீடுதான்.

மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். "ஸோ, பேக் இஸ் ஆன் எ ரோட் ட்ரிப், பட் வி ஆர் நாட்?"

"ஆமா," என்றாள் மனைவி.

"ஓகே."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். உள்ளே குழந்தைக்கு வாங்கிய பட்டுப் பாவாடை, சட்டை, குங்குமச் சிமிழ், ஒரு ஜோடி கல் வைத்த தோடு. தோட்டுக்காக ஐந்து மாதம் சீட்டுக் கட்டியிருந்தேன். அவர் வீட்டில் இருந்தபடி ஏதோ மீட்டிங்கில் இருந்தார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சோபாவைக் காட்டினார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, "பைக்கு மட்டும் தனியா ஒரு ரூம் போடட்டுங்களா?" என்றார்.

அந்த வாரம் காரை ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றான். நம்பிக்கை வராமல் இன்னொருவனிடம் காட்டினேன். அவனும் அதையே சொல்லி எழுபது டாலர் வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. வாடகைக் கார் கேட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. பிளாக்ஸ்டாப்பில் ஏழாயிரம் அடி உயரம், மார்ச்சிலும் பனி விழும் என்று மகள் படித்துச் சொன்னாள். அதிலிருந்து தினமும் தங்கைக்குப் போன் செய்தேன். பனியில் பிரேக் பிடிக்காவிட்டால்? பாலைவனத்தில் டயர் வெடித்தால்? சிக்னல் இல்லாத இடத்தில் யாரைக் கூப்பிடுவது? அவள் அலுவலகத்தில் இருந்தாலும் எடுத்துப் பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அன்று நான்காவது முறையாகத் தங்கையைக் கூப்பிட்டேன். பிளாக்ஸ்டாப்பில் ஞாயிறு இரவு முதல் பனி என்று போனில் காட்டியது. நாங்கள் திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும்.

பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"சொல்லு."

"உனக்கு இவ்வளவு கஷ்டம்னா வர வேணாம். பரவாயில்ல."

இல்லையில்லை வந்துவிடு என்று அவள் அடுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். எப்படியும் வருவேன் என்று நான் சொல்வதற்காக அவளும் காத்திருந்திருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"சரிம்மா," என்றேன்.

போனை வைத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதோடு சேர்ந்து வேறு எல்லாமும் இறங்கிவிட்டது போலிருந்தது. மனைவி புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அடுப்பை அணைக்கவில்லை. கிளறி முடித்து, ஆறவிட்டு, டப்பாவில் போட்டு மூடினாள்.

"ரெண்டு தடவை தள்ளிப் போட்டாளே உங்களுக்காக," என்றாள்.

சனிக்கிழமை காலை நாலரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். மத்தியானம் அமரில்லோ போகும் வழியில் சாப்பிட வேண்டிய புளியோதரையை வீட்டு மேஜையில் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சாப்பிட்டோம். மனைவி பயணக் குறிப்பு எழுதிய காலண்டர் தாளை மகள் எடுத்துத் தட்டுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை நான் லீவை ரத்து செய்துவிட்டு ஓட்டலுக்குப் போனேன். பிளாக்ஸ்டாப்பில் பனி விழுந்ததா என்று பார்க்கவில்லை.

பையைத் திருப்பி எடுத்துவர மனைவிக்கு மனம் வரவில்லை. "நல்ல நேரத்துல கெளம்பினதை எப்படி உள்ள கொண்டு வர்றது?" என்றாள். செவ்வாய்க்கிழமை மாடி வீட்டுக்காரரே இறங்கி வந்தார். ரூம்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாளைக்கு நான் ஆபீஸ் வேலையா அங்கதான் போறேன் மாஸ்டர். பையைக் கொடுத்துட்டு வந்தர்றேன். வியாழக்கிழமை எனக்கு மீட்டிங் முடிஞ்சுரும்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"கைல கொண்டு போற பைதானுங்களே."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, எங்கள் ஓட்டலில் மத்தியானக் கூட்டம் சேரும் நேரத்தில், தங்கை வீடியோ காலில் வந்தாள். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். அங்கே காலை ஒன்பதரை. கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது மாடி வீட்டுக்காரர்தான். நான் வாங்கிய பட்டுப் பாவாடையில் குழந்தை அவர் மடியில் இருந்தது. பாவாடை கொஞ்சம் நீளம்.

"யார் மடின்னு ஐயர் கேட்டாரு," என்றாள் தங்கை. "உன் பையோட வந்தவரு, அவரே உட்காரட்டும்னுட்டேன். தெரியுதா அண்ணே?"

"தெரியுது."

அவர் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தார். காது குத்த வந்திருந்த நர்ஸ் குனிந்ததும் குழந்தை அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டது. முதல் காதுக்கு வீறிட்டு அழுதது. இரண்டாவது காதுக்கு அட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. எனக்கு ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். கண்ணிலோ தொண்டையிலோ. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன். காய்ந்திருந்தது. வடையைப் போட்டேன்.

திரும்பி வந்தவர் காலிப் பையைக் கொடுத்தார். "நல்ல கனமான புள்ளைங்க. கால் மரத்துப் போச்சு," என்றார். ரூம் பணத்தைப் பற்றி நானாகப் பேச்சை எடுத்தேன். மறந்துவிடச் சொன்னார். மறக்க முடியாது என்றேன். அந்தப் பணத்தை அவர் எனக்குச் செய்த உதவியாக ஆக்கிவிட்டால், மாமன் இடத்தில் உட்கார்ந்ததும் எனக்குச் செய்த உதவியாகிவிடும். அதை அவரிடம் சொல்லவில்லை.

மாதச் சம்பளம் வந்த அன்று நாற்பது டாலரை ஒரு கவரில் போட்டு அவர் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வருகிறேன். இதுவரை ஐந்து முறை தள்ளியிருக்கிறேன். ஒருமுறை கவர் அப்படியே எங்கள் கதவுக்கடியில் திரும்பி வந்தது. மறுநாள் மறுபடி தள்ளினேன். தங்கை இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறாள். குழந்தை நடக்கிறது என்கிறாள். காது ஆறிவிட்டது.

இன்னும் எண்பத்தாறு டாலர் பாக்கி.