பெரியம்மா முடித்த கதை

பழைய தொடர்கதை ஒன்று புத்தகமாக வந்திருக்கிறது என்று மகள் வாங்கிக் கொடுத்தாள். பிரித்ததும் அடித்த பசை வாசம் என்னை நாற்பதுகளின் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே அம்மாவும் பெரியம்மாவும் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மாவுப் பசை காய்ச்சி, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த இதே கதையை பைண்டு செய்துகொண்டிருந்தார்கள்.

"கடைசி வாரம் எங்கக்கா?" என்றாள் அம்மா.

"அந்தத் தாள்ல மல்லாட்டைய மடிச்சுக் குடுத்துட்டேன். பொண்டாட்டிய வுட்டுட்டு ரங்கூனுக்கு ஓடினவன் திரும்பி வந்தானாம், அவளும் சேத்துக்கினாளாம்! நல்லாவா கீது?"

"கதைதானேக்கா!"

"கதைன்னா மட்டும் சேத்துக்கலாமா?"

வேர்க்கடலையோடு போன தாள் போனதுதான்; கடைசி வாரம் இல்லாமலே அம்மா பைண்டை முடித்தாள். புத்தகமோ தெருவெல்லாம் சுற்றியது. இரவல் வாங்கிய பெண்களெல்லாம், அவன் வராமலே கதை முடிந்ததுதான் அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தானே எழுதியதுபோலப் பெரியம்மா அடக்கமாகச் சிரித்துக்கொள்வாள்.

நேற்று என் கையிலிருந்த புத்தகத்தில் அவன் திரும்பி வந்துவிட்டான்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்கு. கடைசி அத்தியாயத்துல மட்டும் மல்லாட்டை மடிச்சிருக்கணும்."