முகத்தை மட்டும் மறைத்தார்கள்

என் அலுமாரியில், வளையல் பெட்டிக்குள், ஒரு சின்னக் கறுப்புப் பஞ்சு கிடக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது என்னவென்று விளங்காது. சட்டையில் குத்துகிற ஒலிவாங்கிக்குப் போடும் தொப்பி அது. புத்தளத்துச் சோளகக் காற்று வீட்டுக்குள்ளும் வந்து இரையும். அந்தத் தொப்பி இல்லாவிட்டால் பதிவில் காற்று மட்டும்தான் மிஞ்சும். அந்த ஒலிவாங்கியை மாமியின் முக்காட்டுக்குள் குத்தியது நான். பேச்சின் நடுவில் மாமி குலுங்கிச் சிரித்ததில் தொப்பி கழன்று பாய்க்கு அடியில் போய்விட்டது. மறுநாள் வீடு கூட்டும்போது கண்டெடுத்து, கடதாசியில் சுற்றி அனுப்பினார். "உங்கட சாமான் ஒண்டும் எங்கட வீட்டில நிக்கப்படாது" என்று சொல்லியும் அனுப்பினார். அதை அன்று நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

மாமி என்றால் எனக்கு இரத்தச் சொந்தமில்லை. கரைத்தீவில் எங்கள் வேலிக்கு இரண்டு வேலி தள்ளி இருந்தவர். தொண்ணூறில், முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வந்து சேர்ந்த குடும்பங்கள் நாங்கள். மாமா கற்பிட்டிப் பக்கம் கடலுக்குப் போவார். மாமி பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். வாசலில் ஒரு பூப்போட்ட திரை தொங்கும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் வாப்பாமார் முற்றத்திலேயே நின்றுவிடுவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து மாமி பேசுவார், இவர்கள் தரையைப் பார்த்தபடி கேட்பார்கள். தெருவில் இறங்கினால் முகம் மூடித்தான் போவார். சொந்தக்காரரைத் தவிர வேறு ஆண்கள் அவர் முகத்தைக் கண்டதில்லை. ஆனால் அந்தக் குரலைத் தெரியாதவர் குடியிருப்பில் கிடையாது. கொஞ்சம் கரகரப்பு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு இழுப்பு. அலிஃப் என்ற முதல் எழுத்துத் தொடங்கி அந்த இழுப்போடுதான் நாங்கள் எல்லோரும் ஓதப் பழகினோம். இப்போதும் தொழும்போது என்னை அறியாமல் அது என் வாயில் வரும்.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு இயக்குநர் வந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். பெண்களின் ஆசையைப் பற்றி, பெண்களே பேசும் ஆவணப்படம். யாருடைய தயவும் இல்லாமல், தெரிந்தவர்களிடம் கடன்பட்டு, ஒற்றைக் கமராவை வைத்து எடுக்கும் படம். கமராவைப் பிடித்ததும் ஒரு பெண்தான். ஒலிப்பதிவு எனக்கு, ஒரு பயிற்சிப் பட்டறையில் அரைகுறையாகப் பழகியிருந்தேன். அக்காவை நான் அப்போது நேசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பாயில் சப்பணமிட்டு உட்கார்வார். எங்கள் சோற்றைக் கையால் பிசைந்து தின்பார். பெண்கள் அழுதால் கூடவே அழுவார், அதில் நடிப்பு இல்லை. அதனால்தான் எல்லோரும் ஏமாந்தோம்.

மாமி வாய் திறப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "நான் ஓதிக் குடுத்த பிள்ளையள் ஒண்டொண்டாக் கலியாணம் முடிச்சுப் போகுதுகள் மகள். ஒண்டுக்கும் ஒண்டும் தெரியா. ஆராவது சொல்லத்தானே வேணும்" என்றார். முகம் வரக்கூடாது, குரலை மாற்ற வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார். அக்கா மாமியின் கையைத் தன் இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, "சத்தியமா மாமி" என்றார்.

கமரா மாமியின் முதுகையும், ஜன்னலையும், வேலியில் காய்ந்த துணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் காதில் ஹெட்போனோடு பக்கத்தில் இருந்தேன். "மனிசன் கிட்ட வந்தா நான் நாளைக்கு என்ன கறி ஆக்கிற எண்டு யோசிப்பன்" என்று தொடங்கினார். அப்போதுதான் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு முறை கடலுக்குப் போனவர் வரயில்ல. தோணி கவுண்டு மௌத்தாப் போயிட்டார் எண்டே அழுதன். மறுநாள் வந்து நிக்கிறார். அண்டைக்கு நான்தான் அவர்ட கையப் புடிச்சன். பொம்புளைக்கும் ஆச இருக்கு எண்டு எனக்கே அண்டைக்குத்தான் தெரிஞ்ச. அவர் பயந்துட்டார். இதெல்லாம் எங்க பழகின எண்டு கேட்டார்." தொப்பி கழன்றிருந்ததால் ஹெட்போனில் காற்று இரைந்தது. "அதுக்குப் புறகு நான் ஒரு நாளும் கையப் புடிக்கயில்ல" என்று முடித்தார். 

படத்தைத் தொகுக்கும்போது என்னையும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். குரலை மாற்றித்தான் பார்த்தார்கள். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பேய் கதைக்கிற மாதிரி இருக்கிறது, சிரிப்பு செத்துப் போகிறது என்றார். "இந்தக் குரல்தான் படமே. முகம் வரல்லைதானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டார். "அக்கா, மாமிட முகம்தான் ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. குரல் எல்லாருக்கும் தெரியும்" என்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். "எவ்வளவு நல்ல வசனம்! இதைப் படத்திலேயே வைத்திருக்கலாம்" என்றார். அழுது சொன்னேன், கோபித்துச் சொன்னேன். வெளிநாட்டு விழாக்களில் மட்டும்தான் காட்டப் போகிறோம், புத்தளத்துக்கு எங்கே வரப்போகிறது என்று என் தோளைத் தட்டினார். அவர் வளர்ந்த உலகத்தில் ஆள் என்றால் முகம். அடையாள அட்டையில் முகம், பத்திரிகையில் முகம். முகத்தை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்பது அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். முகம் மூடிப் பழகிய ஊரில், ஒருவரை ஒருவர் எதை வைத்து அறிகிறோம் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

படத்துக்கு ஒரு முன்னோட்டம் செய்து இணையத்தில் போட்டார்கள். அதில் இருந்தது மாமியின் சிரிப்பும், கையைப் பிடித்த கதையும். எந்த வெளிநாட்டையும் சுற்றாமல் அது நேரே எங்கள் ஊர்க் கைத்தொலைபேசிகளுக்கு வந்தது. முதலில் கண்டுபிடித்தது பெரியவர்கள் அல்ல. தகப்பனின் போனில் கேட்ட ஒரு சின்னப் பிள்ளை, "வாப்பா, எங்கட ஓதித் தார மாமி கதைக்கிறா!" என்று சந்தோஷத்தில் துள்ளியதாம்.

யாரும் கல்லெறியவில்லை. யாரும் ஏசவுமில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பரீட்சை, தூரம் என்று ஒவ்வொரு வீடும் ஒரு காரணம் சொன்னது. திரைக்குப் பின்னால் மாமி ஒருவரும் இல்லாத பாயில் உட்கார்ந்திருந்தார். மாமாவைத் தேத்தண்ணிக் கடையில் விட்டுவைக்கவில்லை. அவர் உள்ளே வந்தால் ஒருவன் கையை நீட்டுவான், இன்னொருவன் அதைப் பிடிப்பான், கடை முழுக்கச் சிரிக்கும். அவர் கடைக்குப் போவதை விட்டார், பிறகு கடலுக்குப் போவதையும் விட்டார். மீள்குடியேற்றம் என்று பேர் சொல்லி, மன்னார்ப் பக்கம் பற்றை மண்டிக் கிடந்த பழைய காணிக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களைத் துரத்தியவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். மாமியை இரண்டாவது முறை துரத்தியவர்கள் பூங்கொத்தோடு பட விழா மேடையில் நின்றார்கள். "இந்தத் துணிச்சலான பெண்களுக்குச் சமர்ப்பணம்" என்று அக்கா பேசிய காணொளியை நானும் பார்த்தேன். படத்தின் கடைசியில் என் பெயரும் ஓடுகிறது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள்.

போன மாதம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. படத்துக்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்று இரண்டாவது படம் எடுக்கப் போகிறாராம். மாமியைச் சந்திக்க ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. ஆனால் மாமியைப் பார்க்கப் போனேன்.

தகரக் கூரை, ஒரு கிணறு, சுற்றிலும் பற்றை. கூப்பிடு தூரத்தில் வேறு வீடே இல்லை. மாமி என்னைக் கட்டிப்பிடித்தார், முத்தமிட்டார், தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எல்லாவற்றையும் கிசுகிசுத்துத்தான் பேசினார். தொண்டை சரியில்லையோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மாமா முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். "அவருக்கு என்ட சத்தம் கேட்டா ஒரு மாதிரி" என்றார் மாமி. ஓதுவதும் வாய்க்குள்தானாம்.

அக்காவின் செய்தியைச் சொல்லாமல் வர எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். மாமி கோபப்படவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"வரச் சொல்லுங்க மகள். இந்த முறை முகத்த எடுத்துட்டுப் போகட்டும். அத ஆருக்கும் தெரியாதுதானே."

வீட்டுக்கு வந்து வளையல் பெட்டியைத் திறந்தேன். பஞ்சுத் தொப்பி கொஞ்சம் உதிரத் தொடங்கியிருக்கிறது. அதைக் கடதாசியில் சுற்றி, அக்காவின் விலாசத்தை எழுதினேன். உள்ளே ஒரு வரி வைத்தேன்: "உங்கட சாமான் ஒண்டும் எங்கட வீட்டில நிக்கப்படாது."